காணாமல்போன ஸ்க்ரூடிரைவர்

வீட்டுக்கு மேலே ஹெலிகாப்டர் பறந்தது. திருத்தணி மலையைத் தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார், ஓய்வுபெற்ற ஹெலிகாப்டர் மெக்கானிக் ஃபக்ருதீன்.

"நம்ம ஷபீனா பொறந்தப்போ நான் இது மாதிரி ஒண்ணுல கொச்சிக்குப் போயிருக்கணும், ரோஷன். சர்வீஸ் முடிச்சு சாமான் எண்ணுனா, ஒரு ஸ்க்ரூடிரைவர் குறையுது. உள்ள எங்கயாவது மாட்டிகினு இருந்தா ஆபத்துன்னு, அது கிடைக்கிற வரைக்கும் பறக்க விட மாட்டாங்க. அதான் உன் பக்கத்துல இருந்தேன்."

மனைவி ரோஷன் பீ தையல் மெஷின் டிராயரைத் திறந்து அந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினார்.

"துவைக்கறப்போ உங்க சட்டைப் பாக்கெட்ல இருந்துச்சுங்க. நீங்க போயிடக் கூடாதுன்னு நான்தான் ஒளிச்சு வச்சேன். இத்தினி வருஷமா சொல்ல பயந்துகினு இருந்தேன்."

ஃபக்ருதீன் சிரித்தார்.

"எண்ணாம விடுற ஆளா நான்? வேணும்னேதான் பாக்கெட்ல போட்டுகினு வந்தேன். ஷபீனா பொறந்ததும் திருப்பி வச்சிடலாம்னு பார்த்தா, காணோம்! அப்புறம்தான் நெஜமாவே தேட ஆரம்பிச்சேன்."