உள்ளே இருக்கும் பாப்பா

பதினோராம் அறை வாசலில் நின்றவர்கள்: சவரிமுத்து, அவர் மகள் அமலி, பூங்கா ஊழியர் ரிஸ்வான். உள்ளே காத்திருந்தவள் எட்டு வயது அமலி.

ராட்டினங்களையெல்லாம் கழற்றிவிட்டுப் பூங்காவை அறைகளாக்கி ஆறு வருடமாகிறது. பழைய போட்டோக்களைக் கொடுத்தால் அறைக்குள் அந்த நாளையே திருப்பித் தருவார்கள். தொடலாம், பேசலாம், ராட்டினத்தில்கூட ஏறலாம். சவரிமுத்து ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை. அவரைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டிக் கூட்டி வருவது நாற்பத்தாறு வயது அமலி.

"இன்னைக்கு நானும் வரேன்பா."

"நீ எதுக்கு? பாப்பா மிரண்டுரும்."

"அந்தப் பாப்பாவே நான்தானேப்பா!"

"நீ எங்க ராட்டினம் ஏறுன? வரிசையிலயே வாந்தி எடுத்துட்டு உங்கம்மா மடியில படுத்துக்கிட்ட. இவ என்கூட ஏறுறா. உச்சியில போய் கையத் தட்டுறா."

அமலிக்கு வயிறு எரிந்தது. அந்தச் சனியனுக்கு ஒரு நாளும் ஜுரம் வராது, வயசும் ஏறாது.

"இப்ப ஏறுறேன்பா. சத்தியமா."

ரிஸ்வான் குறுக்கே கையை நீட்டினான். "ஒரே ஆள் ஒரு அறைக்குள்ள ரெண்டு பேரா இருக்க முடியாது மேடம். நீங்க ஏற்கெனவே உள்ள இருக்கீங்க."

"அப்பா, சீக்கிரம் வாப்பா!" என்று உள்ளிருந்து அவள் குரலே கூப்பிட்டது.

சவரிமுத்து விரலால் தலையைக் கோதிக்கொண்டு உள்ளே போனார். ரிஸ்வான் கதவைச் சாத்திப் பூட்டினான்.