கடைசி மூலை

காசிமேட்டில் படகைக் கட்டி நிறுத்த வருஷ வாடகைக்கு இடம் கேட்டு வந்திருந்தார் எண்ணூர் மிக்கேல். ஐஸ் ஏற்றத் தோதான இடம், புயலுக்குப் பாதுகாப்பான இடம் இரண்டையும் தரகன் நீலமேகம் காட்டினான்.

"அந்தக் கடைசி மூலை போதும்பா."

அவரை ஏமாற்ற நீலமேகத்துக்கு மனம் வரவில்லை. "அதுவா? கலீஜ் நைனா! எண்ணூர்லேர்ந்து இங்க வரிக்கும் கடல்ல மெதக்கறது அத்தினியும் அங்கதான் வந்து ஒதுங்கும். கிழிஞ்ச வலை, செத்த நாயி... நாத்தம் தாங்காது."

"அத்தினியுமா?"

"ஆமா. இன்னிக்கு வராட்டி இன்னொரு நாளு வந்துரும்."

"அப்ப வருஷம் முழுக்க எனக்கே குடு," என்றார் மிக்கேல். "எம்புள்ள போன அமாவாசைக்குக் கடல்ல வுழுந்தான். இன்னும் ஒதுங்கல."