வந்ததை வந்தபடி

"அப்படித்தான், இன்னும் நெம்புங்க!" என்று கூவியது கியர் தண்டு. அதன் அடிமுனையைக் கவ்வியிருந்த ரப்பர் வளையமான புஷ்ஷை மெக்கானிக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கியர் விழாமல் கரகரக்கும்போதெல்லாம் ஓட்டுநர் தண்டைத்தான் திட்டுவார். ஆனாலும் சிக்னலில் வண்டி நின்றால் அவருடைய உள்ளங்கை தண்டின் குமிழ்மேல்தான் இளைப்பாறும். அந்தக் கை தன்னை வெறுத்துவிடுமோ என்பதுதான் தண்டின் பயம்.

"உன்னாலதான்யா எனக்குக் கெட்ட பேரு. நான் சொல்றதுல பாதியை முழுங்கிட்டு மீதியைத்தான் கீழே சொல்றே," என்றது தண்டு ரப்பரிடம்.

"கீழேயிருந்து வர்றதையும் பாதி முழுங்கினேன்பா."

"உன்னை யாரு முழுங்கச் சொன்னா?"

ரப்பர் கழன்று எண்ணெய்த் தட்டில் விழுந்தது. அதன் இடத்தில் பித்தளை புஷ் வந்து இறுக்கமாக உட்கார்ந்தது.

"நான் எதையும் முழுங்கமாட்டேன். வந்ததை வந்தபடி சொல்லிடுவேன்."

"அதுதான் வேணும்," என்றது தண்டு.

சாலையில் ஒவ்வொரு கியரும் சொன்னவுடன் விழுந்தது. ஓட்டுநர் சிரித்தார்.

சிக்னலில் வண்டி நின்றது. எஞ்சினின் நடுக்கம் முழுவதும் பித்தளை வழியாகத் தண்டில் ஏறியது. அசையாமல் நிற்கப் பார்த்தது தண்டு, முடியவில்லை.

"கொஞ்சம் குறைச்சுச் சொல்லக் கூடாதா?"

"வந்ததைத்தானே சொல்றேன்," என்றது பித்தளை.

குமிழ்மேல் பட்ட கை சட்டென்று விலகியது. ஓட்டுநர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, நாலாக மடித்துக் குமிழின்மேல் போட்டார். பிறகு அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.