நார்வே கை தூக்கவில்லை

"நீ செத்துக் கிடந்தாலும் வந்து எட்டிப் பார்க்க மாட்டாளாம்" என்று சொல்லிவிட்டு, ஜுமூர் கையிலிருந்த சிங்காரா சமோசாவை ஒரு கடி கடித்தாள். "நான் சொல்லலை. ரெஹ்னுமா சொன்னா."

லுப்னா படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினாள். டாக்காவுக்குப் படிக்க வந்த புதிதில், விடுதியில் இடமில்லாமல் ரெஹ்னுமாவோடு ஒரே கட்டிலில், ஒரே கொசுவலைக்குள் படுத்தவள் அவள். சர்வதேச உறவுகள் பாடத்தில் மூன்றாம் வருடம் வரை வந்தாயிற்று, சொந்த உறவுதான் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"நிஜமா அப்படியா சொன்னா?"

"நம்பலைன்னா நீயே போய்க் கேளு."

கேட்கிற நிலைமையா அது? போன மாதம் வகுப்பில் ஐ.நா. சபை நடத்தினார்கள், ஆளுக்கொரு நாடு. லுப்னா தூக்கம் கெட்டுத் தயாரித்த நதிநீர்த் தீர்மானம் ஒரே ஓட்டில் தோற்றது. நார்வே கை தூக்கவில்லை. நார்வேயாக உட்கார்ந்திருந்தவள் ரெஹ்னுமா.

"நார்வே யாருக்கும் ஓட்டுப் போடக் கூடாதுன்னு சார் சொல்லிட்டார்டி. நான் என்ன பண்ண?" என்று தாழ்வாரத்தில் அவள் கெஞ்சத்தான் செய்தாள்.

"துரோகி எந்த நாடா இருந்தா என்ன?" என்று லுப்னா எல்லார் முன்னாலும் கத்தினாள். அன்றோடு பேச்சு வார்த்தை அறுந்தது. மூன்று கட்டில் போட்ட அறையில், நடுக்கட்டில்காரி ஜுமூர் தூது போக ஆரம்பித்தாள்.

முதலில் தூது சாதுவாகத்தான் இருந்தது. ஃபேனைக் குறைக்கணுமாம், வாளி வேணுமாம், அவ்வளவுதான். போகப் போகச் சங்கதி காரமானது. ஒருநாள் மனசு கேட்காமல், "அவ சாப்பிட்டாளான்னு கேளு" என்று லுப்னா சொல்லி அனுப்பினாள். "உன் வேலையைப் பார்த்துக்கிட்டுப் போகச் சொன்னா" என்று பதில் வந்தது.

முந்தாநாள் வந்த சேதி இன்னும் மோசம். "உங்கம்மா அனுப்பின மீன் நாறுதாம். வாயில வைக்க முடியலையாம்."

அங்கேதான் லுப்னாவுக்குச் சுருக்கென்றது. சொந்த ஊரான பரிசாலிலிருந்து அம்மா கடுகு அரைத்துச் சமைத்து அனுப்பும் இலிஷ் மீன் என்றால் ரெஹ்னுமா விரலையும் சேர்த்துச் சாப்பிடுவாள். ஊருக்கு வந்தபோது அம்மாவின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தவள் அவள். கோபத்தில் என்ன வேண்டுமானாலும் சொல்வாள், அம்மாவின் சமையலைச் சொல்ல மாட்டாள்.

அப்புறம்தான் ஜுமூரைக் கவனிக்க ஆரம்பித்தாள். சேதி சொன்னதும் அவள் இடத்தைவிட்டு நகர்வதில்லை. லுப்னாவின் முகம் எப்படி மாறுகிறது என்று வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். போதாததற்கு, இந்தப் பருவத்துக்கு அவள் எடுத்திருந்த கட்டுரைத் தலைப்பு மத்தியஸ்தம். பகை நீண்டால் இவளுக்குப் பக்கம் நிறையும். அடிப்பாவி என்று லுப்னா உள்ளுக்குள் கறுவினாள்.

ஜுமூர் இப்போது கையைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொண்ணும் இருக்கு. அவ ரூம் மாத்திக்கிட்டுப் போறா. இன்னிக்குச் சாயங்காலம் வார்டன் மேடத்தைப் பார்க்கிறாளாம். நம்பலைன்னா…"

"நானே போய்க் கேட்கணும், அதானே?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு லுப்னா எழுந்தாள்.

சந்தேகம் ஒரு பக்கம் இருந்தாலும் பயமும் சேர்ந்துகொண்டது. போய்விட்டால் திரும்பி வர மாட்டாள், ரெஹ்னுமாவின் பிடிவாதம் அப்படி. அடுத்த பருவத்தில் தனியாக உட்கார்ந்து டீ குடிப்பதை நினைத்தாலே லுப்னாவுக்கு அழுகை வந்தது. சாயங்காலம் ஆனதும் வார்டன் அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

கதவுக்கு வெளியே ரெஹ்னுமா நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"போறதுன்னா போ. ஒரு வார்த்தை நேர்ல சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்றாள் லுப்னா.

"நான் எங்கடி போறேன்? நீதானே ரூமை மாத்துற? ஜுமூர் சொன்னா. உன்னைத் தடுக்கலாம்னுதான் வந்து நிக்கிறேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்கம்மா மீனு நாறுதுன்னு சொன்னியா?"

"ஐயோ, அந்த டப்பாவையே என் கண்ணுல காட்டலையேடி அவ. என்னை நடிகைன்னு நீ சொன்னியா?"

"சத்தியமா இல்லை. நீ சாப்பிட்டியான்னுதான் கேட்டனுப்பினேன்."

"எனக்கு வந்தது, 'பட்டினி கிடந்து சாகட்டும்'னு."

கையைக் கோத்துக்கொண்டு இரண்டு பேரும் மாடிப்படி ஏறினார்கள். ஏறிய வேகத்தில் லுப்னாவின் செருப்பு ஒன்று கழன்றது, அதை எடுக்க நிற்கவில்லை.

ஜுமூர் தன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இருவரையும் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை.

"நீயெல்லாம் ஒரு மனுஷியாடி?" என்று லுப்னா ஆரம்பித்தாள். "கூடவே இருந்து குழி பறிச்சியே" என்று ரெஹ்னுமா தொடர்ந்தாள். ஒருத்தி மூச்சு வாங்க நிறுத்தினால் இன்னொருத்தி பிடித்துக்கொண்டாள். பக்கத்து அறைக்காரிகள் வந்து வாசலில் கூடிவிட்டார்கள்.

"உன் கட்டுரைக்கு எங்க சண்டைதான் கிடைச்சுதா?" என்று லுப்னா கேட்டாள்.

"அதைப் போன மாசமே குடுத்தாச்சு" என்றாள் ஜுமூர்.

"பின்னே எதுக்குடி இத்தனை பொய்யும்?"

ஜுமூர் இருவரின் கோத்த கைகளையும் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் இப்படிச் சேர்ந்து வந்து என்னைத் திட்டணும்னுதான்."