ஆள் இல்லாத வீடுகள்

வெள்ளம் முதல் மாடியைத் தொட்டுவிட்டது. வீட்டில் எத்தனை பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று மக்கள் செயலியில் பதிவு செய்தது, கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஓடியது. காலி செய்துவிட்டவர்கள் பூஜ்யம் போட வேண்டும்.

"பாதி ஊர் பூஜ்யம்னு வருது. நல்லவேளை, எல்லாரும் முன்னாடியே கிளம்பிட்டாங்க," என்றார் அதிகாரி.

அதே அறையில் இருந்த, செயலியை எழுதிய புரோகிராமருக்கு அவர் மனைவியிடமிருந்து போன் வந்தது.

"என்னங்க, படகு நம்ம வீட்டைத் தாண்டிப் போயிடுச்சு! கத்தினேன், மழையில கேக்கலை."

"பதிவு பண்ணியா?"

"அப்பவே பண்ணிட்டேனே."

தேடினார். அவர் வீட்டுக்கும் பூஜ்யம்.

"எத்தனை பேர்ங்கிற இடத்துல என்ன போட்டே?"

"நானும் பாப்பாவும்னு போட்டேன்."

தான் எழுதிய நிரலைத் திறந்து பார்த்தார். எழுத்தை எண்ணாக மாற்று, மாற்ற முடியாவிட்டால் பூஜ்யம் போடு. கல்லூரிப் பயிற்சியில் எழுதியதை அப்படியே இதிலும் சேர்த்திருந்தார்.

மற்ற பூஜ்யங்களைத் திறந்தார்.

'மூணு பேர்.' 'நாங்க எல்லாரும்.' 'அம்மாவால நடக்க முடியாது.'

"சார், இங்கெல்லாம் ஆள் இருக்காங்க! படகைத் திருப்பச் சொல்லுங்க!"

"இருக்கிறது ஒரே படகு. முதல்ல எந்த வீட்டுக்கு?"

துண்டிக்காத போனில் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, வருதா?"