சாய்ந்த பை

தையல்காரிக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. மெஷினைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்க முடிந்தது. போர் வெற்றியின் நாற்பதாம் ஆண்டு ஊர்வலத்துக்காக, பழைய மாதிரியிலேயே அறுபது ராணுவச் சட்டைகளை மகளோடு சேர்ந்து தைத்து முடித்திருந்தாள்.

விழாக்குழுச் செயலாளர் ஒரு சட்டையில் டேப்பை வைத்து அளந்தார். உடனே தூக்கி எறிந்தார்.

"அத்தனையும் வீண்! அருங்காட்சியகத்துல இருக்கிற சட்டையில இடது பை ஒரு விரல் சாஞ்சிருக்கு. நீ நேரா தச்சு வச்சிருக்கே!"

"கோணலா இருந்துது, சரி பண்ணினேங்க."

"கோணலா? அது போர்த் தந்திரம்மா! படுத்துக்கிட்டே தோட்டா எடுக்கத்தான் அந்தச் சாய்வு. அதைப் பத்தி நான் புத்தகமே எழுதியிருக்கேன். உனக்கெங்க தெரியப்போகுது? எல்லாத்தையும் பிரிச்சுத் தை. இல்லேன்னா ஒரு சட்டையும் எடுக்கமாட்டேன்."

தையல்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயா, அந்தச் சட்டையெல்லாம் தச்சதே நான்தான். அப்போ இவ எட்டு மாசம் வயித்துல. வயிறு மெஷின்ல இடிச்சுதுன்னு ஒருக்களிச்சு உக்காந்து தச்சேன். பையும் சாஞ்சு போச்சு."

"அப்போ தந்திரம் நான்தானாம்மா?" என்றாள் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மகள்.

செயலாளர் டேப்பைச் சுருட்டினார்; பிரித்தார்; மறுபடி சுருட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதை வெளியில சொல்லிடாதீங்கம்மா. பையை மட்டும் சாச்சுத் தச்சுக் குடுத்துடுங்க."

"தச்சுத் தரேன். ஆனா அன்னிக்குத் தச்ச ஐந்நூறு சட்டைக்கு ராணுவம் இன்னும் கூலி தரலை."