வெயில் படாத துணி

"நைலானைத் தூக்கி அடுப்புல போடுன்னுட்டாங்க டாக்டரம்மா. இனிமே பருத்தி மட்டும்தானாம் அத்தே," என்றாள் சந்திரகலா.

மாமியார் தங்கம்மாள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மெதுவா பேசுடி. கூடத்துல மாமா இருக்காரு."

சந்திரகலா குரலைத் தணித்தாள். குரலைத் தணிப்பது பழகிவிட்டது. நடையைத்தான் மறைக்க முடியவில்லை. ஆறு மாதமாகத் தொடையிடுக்கில் புண். தான் காலை அகட்டி அகட்டி நடக்கிற அழகுக்கு, தேரடி வீதியில் சாமி வாகனம்கூட ஒதுங்கி வழிவிடும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்தால் எரிச்சல் கொஞ்சம் கம்மி.

நைலான், புருஷன் ராஜேந்திரன் வாங்கி வந்தது. லாரி ஆபீஸ் வேலையாக மெட்ராஸ் போனவன், பர்மா பஜாரில் கப்பல் சரக்கு என்று நம்பி, ரோஜா நிறத்தில் அரை டஜன் ஜட்டி வாங்கி வந்தான். ஆசையாக அவன் வாங்கித் தந்த ஒரே பொருள், அதுவும் கடித்தது. தங்கம்மாளுக்கு நைலான் பிடித்ததற்குக் காரணம் வேறு. அலசி உதறி, உள்ளறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் பழைய பாவாடைக்கு அடியில் ஒளித்துப் போட்டாலும் விடிவதற்குள் காய்ந்ததுபோல் ஆகிவிடும். வெயிலே வேண்டாம்.

பக்கத்துக் குடித்தனத்தில் தையல் மிஷின் வைத்திருக்கும் திரௌபதி, தைத்து எடுத்து வந்த இரண்டு பருத்தி ஜட்டிகளை மடியிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"மல்லுத் துணி. தொட்டுப் பாரு, வெண்ண மாதிரி இருக்கும். எலாஸ்டிக் வெக்கல, அது இடுப்ப அறுக்கும். நாடா போட்டிருக்கேன். கஞ்சி போக அலசிட்டுக் கட்டு. ஆனா ஒண்ணு, இது வெயில்ல காயணும். இருட்டுல போட்டா பூஞ்சக்காளான்தான்."

"டாக்டரம்மாவும் அதான் சொன்னாங்க. ஈரத்தோட போட்டா பருத்தியும் ஒண்ணுதான் நைலானும் ஒண்ணுதானாம். புண்ணு உள்ளார ஏறிடுச்சுன்னா, அப்பறம் புள்ளப் பேச்சே வேணாம்னாங்க."

முறம் நின்றது. கல்யாணமாகி மூன்று வருடம். ராஜேந்திரனுக்கு வேறு இடம் பார்க்கலாமா என்று கீழ்பென்னாத்தூர்ப் பெரியம்மா ஏற்கெனவே ஆள் விட்டுக் கேட்டிருந்தாள்.

"கெணத்தடியில போடேன்," என்றாள் தங்கம்மாள், அரை மனதாக.

"நாலு குடித்தனத்து ஆம்பளைங்களும் அங்கதான் குளிக்கிறாங்க அத்தே. தீபத்துக்குக் கொடியேத்தினாப்ல கையெடுத்துக் கும்புட்டு நிப்பாங்க."

திரௌபதி சிரிப்பை முந்தானையில் அடக்கினாள். "வெயில் விழற எடம் முத்தம் ஒண்ணுதானே?"

"முத்தத்துக்கு நேரா கூடத்துல அவரு," என்றாள் தங்கம்மாள்.

"அவரு பார்த்தா இன்னா ஆயிடும்?" கேட்டுவிட்டுத் திரௌபதியே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு. பார்ப்பாரு. அது போதாதா? அவரு கண்ணு எதிர்ல பொம்பள உள்துணி இந்த வீட்ல காஞ்சதே இல்ல."

"போன வாரம் பொடவைக்கு அடியில மறைச்சுப் போட்டுப் பார்த்தேன்க்கா," என்றாள் சந்திரகலா. "ரோஜாக் கலரு தெரியுதுன்னு அத்தை உருவிட்டாங்க."

"அவர கொஞ்சம் உள்ளறைக்கு மாத்திட்டா?" என்றாள் திரௌபதி.

"நல்லா கேட்ட போ. காலையில காப்பிய அவரு முன்னாடி வெச்சுட்டுத்தான் நானே ஒரு வாய் குடிக்கிறேன். ராஜேந்திரன் இன்னிக்கும் அவரு எதிர்ல பீடி புடிக்கிறதில்ல. அவர மாத்தினா அவன் என்னயே மாத்திடுவான்."

திரௌபதி மிஷினைப் பார்க்கப் போய்விட்டாள்.

சந்திரகலா புதுத்துணி இரண்டையும் அலசிப் பிழிந்து எடுத்து வந்தாள். முற்றத்தில் வெயில் கொட்டிக் கிடந்தது. கொடி காலியாக இருந்தது. ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, வழக்கம்போல் அரிசி மூட்டைப் பக்கம் திரும்பினாள். பாதி வழியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். புடவையின் பின்பக்கத்தில் ஒரு பொட்டு ரத்தம்.

"எரியுதா?" என்றாள் தங்கம்மாள்.

"இல்ல அத்தே. மலையச் சுத்தச் சொன்னாக்கூட ஒரே ஓட்டமா ஓடிடுவேன்."

தங்கம்மாள் சிரிக்கவில்லை. முறத்து அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"எனக்கும் இருந்துச்சு," என்றாள். "ராஜேந்திரன் பொறந்த பொறவு. துணிய அடுப்பு மூலையில, வெறகுக்கு அடியில போட்டுப் போட்டு எடுப்பேன். ஒரு நாளும் முழுசாக் காஞ்சதில்ல. அப்பறம் ரெண்டு புள்ள தங்கல. ஏன்னு யாரும் கேக்கல. நானும் சொல்லல."

"மாமாகிட்டகூடவா?"

"அவருகிட்டயா?"

கூடத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கொடில போடு. நல்லா விரிச்சுப் போடு. மத்தியானம் ராஜேந்திரன் சாப்பாட்டுக்கு வர்றதுக்குள்ள எடுத்துடணும்."

"மாமா..?"

"அவர நான் பார்த்துக்கறேன்."

முக்காலியை இழுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள் தங்கம்மாள். மேலே ஏறி, இந்த மருமகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே செத்துப்போன கணவரை, கண்ணாடிச் சட்டமும் சந்தன மாலையுமாக ஆணியிலிருந்து கழற்றி, முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினாள்.